தண்டவாளத்தின் நடுவே ஒரு காடு

இருப்புப்பாதைப் பராமரிப்பில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன் நான். ஜல்லிக்கு இடையே புல் முளைத்தால் எங்களுக்கு அது ஒரு குறை. வேரும் மண்ணும் ஜல்லியின் இடைவெளிகளை அடைத்துக்கொண்டால் மழைநீர் வடியாது; நீர் வடியாவிட்டால் பாதை அமிழ்ந்துவிடும். ஆகவே கேங்மேன்களை வைத்துக் களையெடுப்பது ஓயாத வேலை. அப்படிப்பட்ட என்னை, களைகளே வளர்ந்து காடாகிவிட்ட ஒரு பழைய யார்டு வியப்பில் ஆழ்த்தியது.

அது ஜெர்மனியின் தலைநகரான பெர்லினில் இருக்கிறது. மகன் வீட்டிற்குச் சென்றிருந்தபோது பார்த்தேன். ஷோனெபெர்கர் சூட்கெலாண்டே என்பது அதன் பெயர். பரப்பு சுமார் 18 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 45 ஏக்கர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமைக்கப்பட்ட டெம்பல்ஹோஃப் ஷண்டிங் யார்டின் ஒரு பகுதி இது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நகரம் இரண்டாகப் பிரிந்தது. மேற்கு பெர்லினிலும் ரயிலை நடத்தும் பொறுப்பு கிழக்கு ஜெர்மானிய ரயில்வேயிடமே இருந்தது. இந்தச் சிக்கலில் 1952இல் யார்டின் வேலை நின்றது. தண்டவாளங்கள் கிடந்தபடியே கிடந்தன.

பிறகு நடந்ததுதான் அதிசயம். யாரும் ஒரு கன்றுகூட நடவில்லை. ஜல்லியும் சாம்பலும் நிறைந்த நிலத்தில் நீர் நில்லாது, சத்தும் குறைவு. அதனால் வறட்சியைத் தாங்கும் புற்களும் பூஞ்செடிகளும் முதலில் வந்தன. காற்றில் பறந்த பிர்ச் மர விதைகள் அடுத்து முளைத்தன. வட அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த ரொபினியா மரமும் சேர்ந்துகொண்டது. நம் அகத்தியைப் போல வேர் முடிச்சுகளால் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும் இனம் அது; ஏழை மண்ணிலும் பிழைத்துக்கொள்ளும். 1981இல் நிலத்தின் 37 சதவீதத்தில் இருந்த மரமும் புதரும் 1991இல் 70 சதவீதத்திற்குப் பரவிவிட்டன.

இதற்கிடையே அங்கே புதிய சரக்கு நிலையம் கட்டத் திட்டம் எழுந்தது. 1980களில் அக்கம்பக்கத்து மக்கள் குழுவாகத் திரண்டு எதிர்த்தனர். அறிஞர்கள் செடிகொடிகளையும் பறவைகளையும் வண்டுகளையும் கணக்கெடுத்துக் கொடுத்தனர். வெறும் உணர்ச்சியோடு நில்லாமல் கையில் கணக்கும் இருந்ததால் வாதம் வலுப்பெற்றது. 1999இல் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. 2000இல் பூங்கா திறக்கப்பட்டது.

இயற்கையை அப்படியே விட்டால் போதும் என்று எண்ணிவிட வேண்டாம். முழுவதையும் மரம் மூடினால் வெயில் விரும்பும் புல்வெளிகளும் அவற்றை நம்பிய தேனீக்களும் வெட்டுக்கிளிகளும் போய்விடும். எனவே சில இடங்களைத் திறந்தவெளியாகவே பராமரிக்கிறார்கள். சில இடங்களைக் காடாக விட்டுவிட்டார்கள். பார்வையாளர் கால் படாதபடி, முக்கியப் பகுதியில் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இரும்பு நடைபாதை அமைத்திருக்கிறார்கள். டர்ன்டேபிள், 50 மீட்டர் உயரத் தண்ணீர் கோபுரம், ஒரு நீராவி எஞ்சின் எல்லாம் மரங்களுக்கிடையே நிற்கின்றன. இரு தண்டவாளங்களுக்கு நடுவே பிர்ச் மரம் ஓங்கி நிற்பதைக் கண்டபோது, என் கை தானாகவே அரிவாளைத் தேடியது!

சிரித்துக்கொண்டாலும் மனத்தில் ஒன்று உறுத்தியது. நம் நாட்டில் 1992இல் அகலப்பாதைத் திட்டம் தொடங்கியபின் எத்தனையோ மீட்டர்கேஜ் யார்டுகள் வேலையிழந்தன. அப்படி ஒன்றை ஒரே வாரத்தில் சுத்தம் செய்து கொடுத்தவன் நான். பழைய இரும்பு எத்தனை டன் என்று எழுதினேன். அங்கே என்ன மரம், என்ன பறவை என்று ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதச் சொன்னவரும் இல்லை, எனக்கும் தோன்றவில்லை.

கைவிடப்பட்ட நிலமெல்லாம் நல்ல காடாகிவிடாது. சில இடங்களில் எண்ணெயும் ரசாயனமும் ஊறியிருக்கும். நம் ஊர்ப்பக்கம் சீமைக்கருவேலம் மட்டுமே மண்டிவிடுவதும் உண்டு. ஆனாலும் புல்டோசரை இறக்குமுன் ஒரு முறை சுற்றிப் பார்த்துக் கணக்கெடுக்கலாம் அல்லவா?

பிள்ளைகள் பெர்லினில் இருக்கும் வாசகர்கள் போனால், பிரீஸ்டர்வெக் ரயில் நிலையத்தில் இறங்குங்கள். பூங்கா வாசல் பக்கத்திலேயே இருக்கிறது.