திரையில் பாடம், கையில் பழக்கம்

செபராங் ஜெயா வழியாகப் போகாத பினாங்கு வாசகர்கள் அபூர்வம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையும் பட்டர்வொர்த் - கூலிம் நெடுஞ்சாலையும் கூடும் இடமல்லவா? பிறைத் தொழிற்சாலைகளுக்கு மோட்டார் சைக்கிளில் விரையும் நம் பிள்ளைகள் எத்தனை பேர்! விபத்தென்றால் 999க்கு அழைக்கிறோம். ஆம்புலன்ஸில் வருபவர் பெரும்பாலும் மருத்துவ உதவி அதிகாரிதான். தோட்டத்தில் 'டிரெசர் ஐயா' என்று மரியாதையோடு அழைத்தோமே, அவருடைய வழிவந்தவர்.

விழுந்தவர் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார். உள்ளே மண்ணீரல் கிழிந்து இரத்தம் கசிந்துகொண்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்க உதவுவது ஸ்கேன். ஸ்கேன் என்றதும் தாய்மார்களுக்கு வயிற்றுப் பிள்ளை நினைவுதான் வரும். 1958இல் கிளாஸ்கோ மருத்துவர் இயன் டொனால்டு குழுவினர் வெளியிட்ட ஆய்வுக்குப் பின் பரவிய கலை அது. இன்று கருவி கைக்கடக்கமாகிவிட்டது. கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் நடுவில், மண்ணீரலருகே, அடிவயிற்றில், இதயத்தைச் சுற்றி என நான்கு இடங்களைப் பார்ப்பார்கள். தேங்கிய இரத்தம் திரையில் கறுப்பாகத் தெரியும்.

இதை வகுப்பில் கற்பதா, இணையத்தில் கற்பதா? 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது பாடங்கள் பலவும் திரைக்குப் போயின. இரவு வேலை பார்ப்பவருக்கு அது பெரிய வசதிதான். புரியாததைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். 2010இல் வெளியான ஓர் ஆய்வு, ஐரோப்பிய மருத்துவமனைகள் இரண்டில் மருத்துவர்களை இவ்விரு வழிகளிலும் கற்கவைத்துச் சோதித்தது. தேர்வில் இரு சாராரும் ஏறக்குறைய ஒன்றாகவே தேறினர்.

ஆனால் அது கண்ணுக்கும் அறிவுக்கும் வைத்த தேர்வு. கை வேறு. பால்மரத்துப் பட்டையை எவ்வளவு ஆழம் சீவுவதென்று படம் பார்த்தா கற்றோம்? பக்கத்தில் நின்று பெரியவர் கத்தியைப் பிடித்துத் திருத்தியதால் அல்லவா கற்றோம்! ஸ்கேனும் அப்படியே. ஜெல் குறைந்தால் இடையில் காற்று புகுந்து படம் கெடும். விலா எலும்பின் நிழல் குறுக்கே விழும். மணிக்கட்டை இம்மி திருப்பினால்தான் விலகும். அந்த இம்மியைச் சொல்ல ஆசிரியர் அருகில் வேண்டும். பாடத்தை வீட்டில் படிக்கட்டும், வகுப்பு நேரம் முழுவதும் கைப்பழக்கத்துக்கே போகட்டும் என்பது என் கட்சி.

இன்னொன்று, நேயர்களே. தேர்ந்த கைக்கும் சிறிதளவு இரத்தம் தப்பிவிடலாம். அதனால்தான் சற்றுப் பொறுத்து மறுபடியும் பார்ப்பார்கள். "ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லையே, வீட்டுக்கு விடுங்கள்" என்று அவசரப்படுத்தாதீர்கள்.