சூபியன் என்றொரு கப்பல்

கப்பற்படை வரலாறுகளைப் படிக்கும்போது, பீரங்கிகளின் கணக்கிலும் பார்க்கக் கப்பல்களின் பெயர்களே என் சிந்தையை ஈர்ப்பதுண்டு. பெயரிட்டவன் மனம் பெயரிலே தெரியும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியா கட்டிய ஒரு வகுப்பு நாசகாரிக் கப்பல்கள் பன்னிரண்டின் பெயர்கள் இவை: அஃப்ரீடி, கொசாக், கூர்க்கா, மோஹாக், தாத்தார், அமேசன், சராசன், குருசேடர், மாவோரி, நூபியன், வைக்கிங், சூலு. குலப்பெயர் வகுப்பு என்பர். சிலுவைப் போர்வீரன் எக்குலத்தவனோ, அறியேன்!

இவர்களுட் சிலர் ஆங்கிலப் படைக்கு எதிர்நின்று பொருதவர்கள். அஃப்ரீடிகள் 1897இல் கைபர் கணவாயை ஆங்கிலேயரிடமிருந்து பறித்தனர். மாவோரிகள் 1860களில் தம் நிலத்துக்காகப் போரிட்டனர். நேட்டாலில் வரிக்கெதிராக எழுந்த சூலு மக்கள் 1906இல் குருதி வெள்ளத்தில் அடக்கப்பட்டனர். மூன்றாண்டுகளில், 1909இல், 'சூலு' நீரில் இறக்கப்பட்டது. அடக்கியவனே அடங்கியவன் பெயரைத் தன் படைக்கலத்துக்குச் சூட்டினான். இதைப் பெருமையென்பதா, ஏளனமென்பதா?

கப்பல்களின் கதைக்கு வருவோம். 1904இல் கடற்படைத் தலைமையேற்ற ஜோன் ஃபிஷர் வேகத்தின் மீது தீராக் காதல் கொண்டவர். முந்திய வகுப்புக் கப்பல்கள் நிலக்கரியில், மணிக்கு 25½ கடல்மைல் ஓடின. அவர் கேட்டது 33. எரிபொருள் எண்ணெய், இயக்குவது நீராவிச் சுழலி. வடிவமைப்பைக் கட்டுவோரிடமே விட்டமையால், ஒரே வகுப்பின் கப்பல்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கவில்லை. வைக்கிங்குக்குப் புகைபோக்கிகள் ஆறு! பிரித்தானிய நாசகாரிகளில் அவ்வாறு அமைந்தது அது ஒன்றே.

வேகம் கிட்டியது. ஆனால் முதற்கப்பல்கள் கொண்டுசென்ற எண்ணெயோ சொற்பம். எண்ணெய்க் கிடங்குவரை சென்று மீளும் சிறு பயணத்துக்கு நீராவி எழுப்பவே 9½ தொன் எரிந்ததாகச் சொல்வர். சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்காற்பணம். நெடுங்கடலுக்கு ஆகாத இவை, முதலாம் உலகப் போரில் டோவர் நீரிணையைக் காக்க நின்றன. மாவோரி 1915 மே மாதம் பெல்ஜியக் கரையருகே கடற்கண்ணியில் மோதி அழிந்தது. கூர்க்காவும் 1917 பெப்ரவரியில் அவ்வாறே மாண்டது.

1916 அக்டோபர் 26ஆம் நாளிரவு ஜெர்மன் நாசகாரிகள் நீரிணைக்குள் பாய்ந்தன. டொர்ப்பீடோ தாக்கி நூபியன் தன் முன்பாகத்தை இழந்தது. நவம்பரில் சூலு கண்ணியிற்பட்டுப் பின்பாகத்தை இழந்தது. எஞ்சிய பாதிகள் இரண்டும் சத்தாம் கப்பற்றுறையில் இணைக்கப்பட்டன. ஒன்று டைன் ஆற்றங்கரையில் பிறந்தது, மற்றது சௌதாம்ப்டன் அருகே. அகலத்தில் சில அங்குலம் வேறுபட்டன. ஆயினும் பொருத்திவிட்டார்கள், அந்தக் கம்மியர்கள். போர்ப்புகழ் பாடுவோர் அவர்களைப் பாடுவதில்லை.

புதிய கப்பலுக்குச் 'சூபியன்' என்று பெயர். நம் இலக்கண ஆசிரியர்கள் இதனைக் கவனிக்கவேண்டும்: முன்பாதி சூலுவினது, ஆகவே பெயரின் முதலில் 'சூ', பின்பாதி நூபியனது, ஆகவே ஈற்றில் 'பியன்'. சொல்லிலே கெட்ட எழுத்துகளும் கடலிலே கெட்ட பாகங்களும் ஒத்துவரக் காண்கிறோம். இத்தகைய புணர்ச்சியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

1917 ஜூனில் சூபியன் அதே நீரிணைக்குத் திரும்பிற்று. போர் முடிந்தபின், 1919இல், உடைப்பதற்கு விற்கப்பட்டது. 1930களில் பிரித்தானியர் குலப்பெயர் வகுப்பொன்றை மீண்டும் கட்டினர். சூலு, மாவோரி, நூபியன் என்ற பெயர்கள் திரும்பி வந்தன. சூபியன் வரவில்லை.