ராத்திரி 10 மணிக்கும் வீடு அனலா கொதிக்குதா? காரணம் தலைக்கு மேல இருக்கு!

சிமெண்ட் ஆலைகளுக்குப் பேர்போன அரியலூர், பக்கத்துல பெரம்பலூர். ரெண்டுமே கடற்கரை இல்லாத மாவட்டங்கள். கோடையில் சூரியன் மறைஞ்ச பிறகும் கான்கிரீட் வீட்டுக்குள்ள அனல் குறையாது. ஏன்?

ஒரு கிலோ பொருளின் வெப்பநிலையை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவையான வெப்பம்தான் 'தன் வெப்ப ஏற்புத்திறன்'. தண்ணீருக்கு இது சுமார் 4,186 ஜூல். காய்ந்த மண், கான்கிரீட்டுக்கு 800 முதல் 900 ஜூல்தான். அதனாலதான் ஒரே வெயிலில் தரை சீக்கிரம் சுடுது, கடல் மெதுவா சூடாகுது.

அப்போ கான்கிரீட் சீக்கிரம் ஆறணுமே?

இங்கதான் எடை முக்கியம். எடை, தன் வெப்ப ஏற்புத்திறன், வெப்பநிலை உயர்வு மூன்றையும் பெருக்கினால் மொத்த வெப்பம் வரும். 100 சதுர அடி, 5 இன்ச் கான்கிரீட் தளத்தின் எடை சுமார் 2,800 கிலோ. அது 10 டிகிரி சூடாக கிட்டத்தட்ட 2.5 கோடி ஜூல் வேணும். ஏறக்குறைய 7 யூனிட் கரண்ட்! பகலில் தேங்கும் இந்த வெப்பம்தான் ராத்திரி வீட்டுக்குள் இறங்குது.

என்ன செய்யலாம்?

* மாடியில் வெள்ளையடித்தால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போயிடும். கீற்றுப் பந்தலும் கைகொடுக்கும்.
* சாயங்காலம் மாடியில் தண்ணி தெளிக்கலாம். ஒரு லிட்டர் ஆவியாக சுமார் 24 லட்சம் ஜூல் தேவை. அதில் பெரும்பகுதியைத் தளத்திலிருந்தே எடுத்துக்கும்.
* முதியவர்கள், குழந்தைகளை மாடித் தளத்துக்கு நேர் கீழே உள்ள மூடிய அறையில் படுக்க வைக்காதீங்க.