உரிமையாளர் இல்லாத பொதுச்சொத்து: பைதன் கணினி மொழியின் ஆட்சிமாற்றமும் நிதி நெருக்கடியும்

வங்கிச் சேவை, வானிலை ஆய்வு, மருத்துவ ஆராய்ச்சி, செயற்கை நுண்ணறிவு என இன்றைய வாழ்வின் பல துறைகளில் இயங்கும் மென்பொருட்களுக்குப் பின்னால் பைதன் எனப்படும் செய்நிரல் மொழி இருக்கின்றது. எமது நாட்டில் க.பொ.த. உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலைக் கற்கும் மாணவர்களும் இம்மொழியிலேயே செய்நிரல் எழுதப் பழகுகின்றனர். ஆயினும் இம்மொழிக்கு விலை கிடையாது. இதனை விற்று இலாபமீட்டும் உரிமைகொண்ட கம்பனி எதுவும் கிடையாது. அதன் மூலநிரலை எவரும் பெறலாம், வாசிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். திறந்த மூல மென்பொருள் என்பதன் பொருள் இதுவேயாகும்.

இந்நிலையில் இரண்டு கேள்விகள் இயல்பாகவே எழுகின்றன. எல்லோருக்கும் பொதுவான ஒன்றைப் பற்றிய இறுதித் தீர்மானத்தை எடுப்பவர் யார்? அதனைப் பேணிப் பாதுகாக்கும் செலவைப் பொறுப்பேற்பவர் யார்? கடந்த சில ஆண்டுகளில் பைதன் சமூகத்தில் நிகழ்ந்தவற்றை அவதானிக்கும்போது, முதலாவது கேள்விக்கு அச்சமூகம் பாராட்டத்தக்கதொரு விடையைக் கண்டுள்ளமை புலனாகும். இரண்டாவது கேள்வியோ 2025ஆம் ஆண்டில் அதனைப் பெரிதும் சோதனைக்குள்ளாக்கியது.

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரிலுள்ள கணித, கணினி விஞ்ஞான ஆய்வு நிறுவகமொன்றில் பணியாற்றிய கீடோ வான் ரொசம் என்பவர் 1989 டிசெம்பர் விடுமுறையின்போது இம்மொழியை உருவாக்கத் தொடங்கினார். 1991 பெப்ரவரியில் அதன் முதலாவது பதிப்பு வெளியாயிற்று. மலைப்பாம்புக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை. பிரித்தானிய நகைச்சுவைக் குழுவான மொன்டி பைதனின் தொலைக்காட்சித் தொடரிலிருந்தே அது பெறப்பட்டது. உலகெங்குமிருந்து தொண்டர்கள் வந்திணைந்தபோதிலும், மொழியில் எதைச் சேர்ப்பது, எதை விலக்குவது என்பதில் இறுதிச் சொல் கீடோவினுடையதாகவே இருந்தது. சமூகத்தினர் அவருக்கு வேடிக்கையாகச் சூட்டிய பட்டம் "ஆயுட்கால நல்லெண்ணச் சர்வாதிகாரி" என்பதாகும். 2001ஆம் ஆண்டில் பைதன் மென்பொருள் மன்றம் என்னும் இலாபநோக்கற்ற அமைப்பு நிறுவப்பட்டது. மொழியின் சட்டபூர்வ உரிமைகளையும் நிதியையும் அது பொறுப்பேற்றது. எனினும் தொழினுட்பத் தீர்மானங்கள் தனியொருவரின் கையிலேயே தொடர்ந்தன.

2018ஆம் ஆண்டில் இந்நிலை மாறியது. ஒரு கோவையின் நடுவிலேயே மாறியொன்றுக்குப் பெறுமானம் வழங்குவதற்குப் புதியதொரு குறியீட்டைச் சேர்க்கலாம் என்ற முன்மொழிவு அவ்வாண்டு விவாதத்துக்கு வந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது மிகச் சிறிய விடயம். ஆனால், மொழியின் எளிமை கெட்டுவிடும் என்று ஒரு சாராரும், செய்நிரல் சுருங்கித் தெளிவடையும் என்று மறுசாராரும் மாதக்கணக்கில் மோதிக்கொண்டனர். கீடோ முன்மொழிவை ஏற்றுக்கொண்டார். பின்னர் 2018 ஜூலை 12ஆம் திகதி தமது பொறுப்பிலிருந்து விலகுவதாக அறிவித்தார். ஒரு முன்மொழிவுக்காக இவ்வளவு கடுமையாகப் போராடி, ஈற்றில் தமது தீர்மானங்களைப் பலர் வெறுப்பதைக் காணும் நிலை இனியொருபோதும் வேண்டாம் என்பதே அவர் கூறிய காரணம். தமக்குப் பின் யார் என்பதை அவர் குறிப்பிடவில்லை. சனநாயகமா, சர்வாதிகாரமா, வேறொன்றா என்பதை நீங்களே தீர்மானியுங்கள் என்று மூல நிரலாளர்களிடமே விட்டுவிட்டார்.

எமது ஊர்களில் சனசமூக நிலையங்களையும் கூட்டுறவுச் சங்கங்களையும் பள்ளிவாசல், கோயில் நிர்வாக சபைகளையும் அறிந்தவர்களுக்கு இத்தகைய தருணத்தின் ஆபத்து நன்கு விளங்கும். ஆரம்பித்தவர் ஒதுங்கியதும் வாசிகசாலை பூட்டப்படுவதும், சங்கம் இரண்டாகப் பிளவுபடுவதும் நாம் காணாதவையல்ல. திறந்த மூல மென்பொருளில் பிளவுபடுவது இன்னும் இலகுவானது. மூலநிரல் எல்லோரிடமும் உள்ளமையால், அதிருப்தியுற்றோர் அதனைப் பிரதிசெய்துகொண்டு தனிவழி செல்லலாம்.

பைதன் சமூகம் அவ்வழியில் செல்லவில்லை. ஆட்சிமுறை தொடர்பாக ஏழு மாதிரிகள் எழுத்தில் முன்வைக்கப்பட்டன. தனியொரு தலைவர் முறையே தொடரவேண்டும் என்ற யோசனையும், தலைமையே வேண்டாம் என்ற யோசனையும் அவற்றுள் அடங்கியிருந்தன. 2018 டிசெம்பரில் மூல நிரலாளர்கள் வாக்களித்து, ஐவர் கொண்ட வழிநடத்தற் குழு என்னும் மாதிரியைத் தெரிவுசெய்தனர். 2019 பெப்ரவரியில் முதலாவது குழு தெரிவாயிற்று. பதவி துறந்த கீடோவும் அதில் ஐவருள் ஒருவராகவே இடம்பெற்றார். அடுத்த தேர்தலில் அவர் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார்.

இக்குழுவின் யாப்பிலுள்ள சில ஏற்பாடுகள் கவனத்துக்குரியவை. மொழியின் புதிய பதிப்பு வெளியாகும் ஒவ்வொரு தடவையும் குழு புதிதாகத் தெரிவுசெய்யப்பட வேண்டும். ஐவருள் ஒரே நிறுவனத்தில் தொழில் புரிவோர் இருவருக்கு மேற்படக்கூடாது. மூல நிரலாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வாக்களித்தால் குழுவையோ உறுப்பினரையோ நீக்கலாம். குழு தனது அதிகாரத்தை இயன்றளவு குறைவாகவே பயன்படுத்தி, கருத்தொற்றுமையை நாடவேண்டும் என்றும் யாப்பு கூறுகின்றது. பெரும் நிறுவனங்கள் தமது ஊழியர்கள் மூலம் பொதுச்சொத்தைக் கைப்பற்றிவிடக்கூடும் என்ற அச்சத்துக்கு இரண்டாவது ஏற்பாடு நேரடியான விடையாகும்.

இம்முறைமை எவ்வாறு செயற்படுகின்றது என்பதற்குச் சிறந்த உதாரணம், பைதனின் உள்ளே நெடுங்காலமாக இருந்துவரும் "பூட்டு" தொடர்பான தீர்மானமாகும். இன்றைய கணினிகள் ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்யவல்லவை. ஆனால் பைதனில் எழுதப்பட்ட செய்நிரலொன்றின் பல இழைகள் ஒரே நேரத்தில் இயங்குவதை இந்தப் பூட்டு தடுத்துவந்தது. பல கருமபீடங்கள் திறந்திருக்கும் அலுவலகத்தில் ஒரேயொரு முத்திரை மட்டும் இருப்பதற்கு இதனை ஒப்பிடலாம். மெற்றா நிறுவனப் பொறியியலாளர் சாம் குரொஸ், பூட்டை அகற்றும் வழியொன்றை முன்மொழிந்தார். அதனால் சாதாரண செய்நிரல்களின் வேகம் ஓரளவு குறையலாம். ஆயிரக்கணக்கான துணைநூலகங்களைத் திருத்தவும் நேரிடலாம். 2008இல் வெளியான மூன்றாம் பதிப்பு முந்திய பதிப்புடன் ஒத்துப்போகாமையால், இரண்டாம் பதிப்புக்கான ஆதரவை 2020 ஜனவரி வரை நீடிக்க நேர்ந்தது. அந்த அனுபவத்தை எவரும் மறக்கவில்லை.

எனவே 2023 ஒக்டோபரில் குழு இம்முன்மொழிவை நிபந்தனைகளுடனேயே ஏற்றது. மாற்றம் கட்டம் கட்டமாக நிகழவேண்டும் என்றும், பாதகம் மிகுந்தால் கைவிடப்படலாம் என்றும் அறிவித்தது. 2024 ஒக்டோபரில் வெளியான 3.13 பதிப்பில் பூட்டற்ற வடிவம் பரிசோதனையாக இடம்பெற்றது. 2025 ஒக்டோபரில் வெளியான 3.14 பதிப்பில், விரும்பியோர் தெரிவுசெய்யத்தக்கவாறு அது உத்தியோகபூர்வ ஆதரவைப் பெற்றது. தனியொருவர் ஒரே நாளில் அளித்திருக்கக்கூடிய தீர்ப்புக்கு ஆண்டுகள் தேவைப்பட்டன என்பது உண்மையே. ஆனால், அத்தீர்மானத்துக்காக எவரும் தனிமனிதராக வெறுப்பைச் சுமக்க நேரவில்லை.

இதன் பொருள் முரண்பாடுகள் ஓய்ந்துவிட்டன என்பதல்ல. 2024 ஓகஸ்டில் மிக மூத்த நிரலாளர் ஒருவரின் நடத்தை குறித்து எழுந்த முறைப்பாடுகளின் பேரில், அவர் 3 மாதங்களுக்கு இடைநிறுத்தப்பட்டார். அத்தண்டனை நியாயமானதா, விசாரணை போதியளவு வெளிப்படையாக நடந்ததா என்ற கேள்விகளைப் பலர் எழுப்பினர். தெரிவுசெய்யப்பட்ட சபையின் அதிகாரமும் கேள்விக்கு அப்பாற்பட்டதல்ல என்பதை இது காட்டியது.

இனி நிதி பற்றிய கேள்விக்கு வருவோம். மைக்ரோசொப்ட் நிறுவனம் 2021ஆம் ஆண்டிலிருந்து பைதனின் வேகத்தைக் கூட்டும் பணிக்குத் தனியொரு குழுவை அமர்த்தியிருந்தது. 2022இல் வெளியான 3.11 பதிப்பு முந்திய பதிப்பைவிடச் சராசரியாக 25 சதவீதம் வேகம் பெற்றதில் அக்குழுவின் பங்கு பெரிது. 2025 மே மாதத்தில் அந்நிறுவனம் மேற்கொண்ட ஆட்குறைப்பில் அக்குழுவினர் பலர் வேலையிழந்தனர். ஒரு கம்பனியின் கணக்குப்பார்வை மாறியதும் பொதுப்பணியொன்று தளர்ந்துபோயிற்று. அதே ஆண்டு ஓகஸ்டில், உலகின் பல பாகங்களிலும் நடைபெறும் பைதன் பயிற்சிகளுக்கும் மாநாடுகளுக்கும் வழங்கிவந்த உதவித்தொகையை, ஒதுக்கிய பணம் முடிந்தமையால் மன்றம் இடைநிறுத்தியது.

அதனைத் தொடர்ந்து அமெரிக்க அரசின் நிதியுதவி தொடர்பான விவகாரம் எழுந்தது. பைதன் பொதிகளுக்கான களஞ்சியத்தில் 6 இலட்சத்துக்கும் அதிகமான செயற்றிட்டங்கள் உள்ளன. அங்கே தீங்கிழைக்கும் மென்பொருட்களைச் சிலர் மறைத்துவைப்பதுண்டு. முறைப்பாடு கிடைத்த பின் நீக்குவதற்குப் பதிலாக, பதிவேற்றும்போதே அவற்றைக் கண்டறியும் கருவிகளை அமைப்பதற்கு மன்றம் அமெரிக்க தேசிய விஞ்ஞான மன்றத்திடம் விண்ணப்பித்தது. 2 ஆண்டுகளுக்கு 15 இலட்சம் டொலர் வழங்கப் பரிந்துரைக்கப்பட்டது. பைதன் மன்றத்தின் முழு ஆண்டுச் செலவுத்திட்டமே ஏறத்தாழ 50 இலட்சம் டொலர்தான். ஆனால், கூட்டாட்சியின் பாரபட்சத் தடைச் சட்டங்களை மீறும் வகையில் பன்முகத்தன்மை, சமத்துவம், உள்வாங்கல் ஆகியவற்றை ஊக்குவிக்கும் திட்டங்களை நடத்துவதில்லை என உறுதியளிக்கவேண்டும் என்ற நிபந்தனை அந்நிதியுடன் இணைந்திருந்தது. அந்நிபந்தனை இந்த ஒரு வேலைக்கு மட்டுமன்றி, மன்றத்தின் அனைத்து நடவடிக்கைகளுக்கும் பொருந்துவதாக இருந்தது. மீறியதாகக் கருதப்பட்டால், வழங்கிய பணத்தை மீளப்பெறும் உரிமையும் அரசுக்கு இருந்தது. பல நாட்டு, பல இன மக்களை அரவணைப்பதைத் தனது குறிக்கோள்களில் ஒன்றாக எழுதிவைத்துள்ள மன்றத்தின் பணிப்பாளர் சபை, விண்ணப்பத்தை மீளப்பெற ஏகமனதாகத் தீர்மானித்தது. 2025 ஒக்டோபர் 27ஆம் திகதி இது பகிரங்கப்படுத்தப்பட்டது.

அமெரிக்க அரசியலில் இவ்விடயம் குறித்து இருவேறு கருத்துகள் உள்ளன. அவற்றுள் எதனை ஒருவர் ஏற்றாலும், இதிலுள்ள நிர்வாகப் பாடம் மாறாது. செலவழித்த பணத்தைப் பின்னர் திருப்பிக் கேட்கும் அதிகாரத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு எந்தச் சிறிய அமைப்பும் நிம்மதியாக இயங்க முடியாது. செய்தி வெளியானதும் தனிநபர்கள் பலர் நன்கொடை வழங்கினர். புதிய உறுப்பினர்களும் சேர்ந்தனர். அது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் உணர்ச்சிவேகத்தில் வரும் நன்கொடையை நம்பி ஆண்டுதோறும் சம்பளம் கொடுக்க இயலாது.

ஆட்சியதிகாரம் ஒரு கையில் குவியாதிருக்கப் பைதன் சமூகம் விதி வகுத்துக்கொண்டது. பணம் ஒரு கையிலிருந்து வருவதைத் தவிர்ப்பதற்கு அத்தகைய விதியை அச்சமூகத்தால் மட்டும் வகுத்துவிட முடியாது. அதற்கு அம்மொழியால் பயனடையும் கம்பனிகளும் பல்கலைக்கழகங்களும் அரசுகளும் சிறு தொகையேனும் ஒழுங்காக வழங்க முன்வரவேண்டும். இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளைக் கொண்டு தமது திணைக்களங்களையும் வகுப்பறைகளையும் நடத்தும் எம்மைப் போன்ற நாடுகளுக்கும் இதில் பங்குண்டு. பணம் கொடுக்க வசதியற்றவர்கள் வழுக்களைக் கண்டறிந்து அறிவிக்கலாம். கைந்நூல்களைத் தாய்மொழியில் ஆக்கலாம். திருத்தங்களை எழுதி அனுப்பலாம். பொதுக்குளத்தில் நீரள்ளும் ஊரவர் அனைவரும் அதன் அணையைப் பேணவும் கடமைப்பட்டவர்கள் என்பது எமது கிராமங்கள் நெடுங்காலமாக அறிந்த நியதி. கணினி யுகத்தின் குளங்களுக்கும் அந்நியதி பொருந்தும்.