எழுவாய் மறையும் இடங்கள்: ஜேர்மன் இலக்கணமும் தோட்டத்து வழக்கும்

ஆங்கிலத்தின் வழியாக ஜேர்மன் பயில்வோர் ஓரிடத்தில் இடர்ப்படுவதுண்டு. குளிரை உணர்ந்தவர் ஆங்கில முறையைப் பின்பற்றி 'நான்' என்பதை எழுவாயாக்கி 'இஃ பின் கல்ற்' என்பார். ஜேர்மனியரோ 'மியர் இஸ்ற் கல்ற்' என்பர். உணர்பவர் அங்கே எழுவாயல்லர். நான்காம் வேற்றுமையில் நிற்பவர். பதுளையை அடுத்த ஸ்பிரிங்வெளித் தோட்டத்து மாணவனுக்கு இது புதிதன்று. 'எனக்குக் குளிருது' என்பதே அவன் வீட்டு மொழி.

வேறுபாடுகளும் உள. 'எஸ் றேக்னெற்' என்னும் ஜேர்மன் தொடரில் 'எஸ்' எதனையும் சுட்டாது; எழுவாயின் இடத்தை நிரப்புவது மட்டுமே அதன் பணி. தமிழில் மழையே எழுவாயாகிப் பெய்கிறது. ஜேர்மனில் 'மன்' என்ற சொல் பொதுவான ஒருவரைக் குறிக்கும். தமிழில் எழுவாயின்றிச் 'சொல்கிறார்கள்' என்றாலே போதும்.

தமிழ் வினைமுற்றின் விகுதி பெரும்பாலும் செய்தவரைக் காட்டிக்கொடுக்கும். 'பதிந்தார்' என்றால் ஒருவர் உண்டு. ஆனால் 'ஆயிற்று' என்னும் துணைவினை வருமிடத்து அவ்விகுதி ஒழிகிறது. 'அரைப்பேர் போட்டாச்சு' என்ற தோட்டத்து வழக்கினை நோக்குவோம். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைநாட் சம்பளமே பதிவாகும் என்பது இதன் பொருள். போட்டவர் கணக்கப்பிள்ளையா, துரையா, நிறையை விதித்த கம்பனியா? தொடர் கூறவில்லை. 'எங்களுக்குச் சம்பளம் போதாது' என்பதும் 'எங்களுக்குக் குளிருது' என்பதும் ஒரே அமைப்பின. குளிருக்குச் செய்பவர் இல்லை. சம்பளத்தை நிர்ணயிப்பவர் உளர். இலக்கண ஒப்புமை சமூக உறவை இயற்கை நிகழ்ச்சி போலக் காட்டிவிடலாம்.

எழுத்து வழக்கில் இப்பணியைச் செயப்பாட்டுவினை ஆற்றுகிறது. 'குடியுரிமை பறிக்கப்பட்டது' என எழுதுகிறோம். டி. எஸ். சேனாநாயக்கவின் அரசாங்கம் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் மலையக மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது என்று எழுதினால், எழுவாய் தன் இடத்திற்கு மீள்கிறது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் முடிவுசெய்யப்பட விடப்பட்டது. அம்மக்கள் இங்கு எழுவாயாக அன்றி, எண்ணிக்கையாகவே நின்றனர்.

எனினும் குற்றம் இலக்கணத்தினுடையதன்று. 'வேலையை நிறுத்தியாச்சு' என்று தொழிலாளர் கூறும்போது, முதலில் நிறுத்தியவர் யார் என்பதை அதே அமைப்பு மறைத்துக் காக்கிறது. ஒரே வடிவம் ஓரிடத்தில் அதிகாரத்துக்கு மறைப்பாகவும் பிறிதோரிடத்தில் ஒற்றுமைக்குக் கவசமாகவும் அமைகிறது. ஆதலின் எழுவாயில்லாத் தொடரைக் கற்பிக்கும் ஆசிரியர், அதன் அமைப்பை விளக்குவதோடு அமையாது, மறைந்தவர் யார், மறைவால் நன்மை பெறுபவர் யார் என்ற இரு வினாக்களையும் எழுப்புதல் வேண்டும்.