லினக்ஸ் எழுந்திருக்கத் தாமதமா?

நேற்றுவரை அரை நிமிடத்தில் திறந்த லினக்ஸ் கணினி இன்று இரண்டு நிமிடம் எடுத்தால், பலரும் ஹார்ட் டிஸ்க் பழசாகிவிட்டது என்றே முடிவு கட்டுகிறார்கள். ஆனால் தாமதம் திடீரென்று முளைத்து, தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் நீடித்தால், கணினி எதற்காகவோ காத்துக் கிடக்கிறது என்றே நான் முதலில் சந்தேகிப்பேன்.

பவர் பட்டனை அழுத்தியதும் விழிப்பது ஃபர்ம்வேர். அது பூட் லோடரான கிரப்பை அழைக்கும். கிரப் கெர்னலை ஏற்றும். கெர்னல் முதல் புரோகிராமைக் கிளப்பும். இன்று பெரும்பாலான லினக்ஸ்களில் அந்த முதல் புரோகிராம், லெனார்ட் பாட்டரிங்கும் கே சீவர்ஸும் 2010இல் வெளியிட்ட சிஸ்டம்டி. முன்பு ஒன்றன்பின் ஒன்றாக நடந்த தொடக்க வேலைகளை இது முடிந்தவரை ஒரே நேரத்தில் தொடங்கிவிடுகிறது.

எங்கே நேரம் போகிறது என்பதையும் அதுவே சொல்லும். டெர்மினலில் 'சிஸ்டம்டி-அனலைஸ்' என்று தட்டினால் கெர்னலுக்கு எவ்வளவு, அதற்குப் பிறகு எவ்வளவு என்று கணக்கு வரும். கூடவே 'பிளேம்' சேர்த்தால் அதிக நேரம் எடுத்த சேவைகள் மேலே வரும். அந்தப் பட்டியலில் முதலில் நிற்பதை உடனே நிறுத்திவிடக் கூடாது. கல்யாணச் சமையற்கட்டில் பாயசம் ஒரு மணி நேரம் கொதித்தாலும் பந்தி நிற்காது. வாழையிலை வரவில்லை என்றால் எல்லாரும் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். யாருக்காக யார் காத்திருந்தார்கள் என்பதை அறிய 'பிளேம்' இடத்தில் 'கிரிட்டிக்கல்-செயின்' என்று கொடுக்க வேண்டும்.

பிளேம் காட்டாத ஒரு குற்றவாளியும் உண்டு. ஒரே கணினியில் இரண்டாவதாக இன்னொரு லினக்ஸை நிறுவும்போது, ராம் போதாதபோது கைகொடுக்கும், இரண்டுக்கும் பொதுவான ஸ்வாப் பகுதியை அது புதிதாக ஃபார்மட் செய்துவிடலாம். உடனே அந்தப் பகுதியின் அடையாள எண்ணான யூயூஐடி மாறிவிடும். எந்தெந்தப் பகுதிகளை இணைக்க வேண்டும் என்று பழைய லினக்ஸுக்குச் சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பிலோ பழைய எண்ணே இருக்கும். இல்லாத அந்தப் பகுதிக்காக சிஸ்டம்டி வழக்கமாக 90 நொடி காத்திருக்கும். 'ஜர்னல்சிடிஎல் -பி' தரும் பதிவில் தேடினால், சாதனம் வரவில்லை என்ற வரி தப்பாமல் கிடைக்கும்.

'பிஎல்கேஐடி' கட்டளையில் புதிய எண்ணைப் பார்த்து எஃப்எஸ்டேப்பில் மாற்றினால் போதும். டெபியன், உபுண்டு வகைகளில் கெர்னல் கணக்கிலும் 30 நொடி கூடியிருந்தால், ஹைபர்நேட் அமைப்பும் பழைய ஸ்வாப்பைத் தேடுகிறது என்று பொருள்; அதன் 'ரெஸ்யூம்' கோப்பைத் திருத்தி, கெர்னலோடு சேர்ந்து ஏறும் தொடக்கக் கோப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பிக்க வேண்டும். அவ்வப்போது மட்டும் செருகும் யூஎஸ்பி டிஸ்க்குக்காகவும் இப்படிக் காத்திருக்காமல் இருக்க, அதன் எஃப்எஸ்டேப் வரியில் 'நோஃபெயில்' சேர்த்துவிடுங்கள்.

எஃப்எஸ்டேப்பில் ஒரு எழுத்து பிசகினாலும் கணினி அவசர நிலையில் போய் நிற்கக்கூடும். கை வைக்கும் முன் அதற்கு ஒரு நகல் எடுங்கள். திருத்திய பின், ரீஸ்டார்ட் செய்வதற்கு முன்பே, 'ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை' கொடுத்துப் பிழை இருக்கிறதா என்று பாருங்கள்.