வெறுந்தட்டிலும் முள் நடுவில்

1971 டிசம்பர் 9. வங்கதேசப் போர் மும்முரமாக நடந்துகொண்டிருந்த வாரம். மதுரையில் தரையிறங்குவதற்காக உயரத்தைக் குறைத்துக்கொண்டு வந்த இந்தியன் ஏர்லைன்ஸின் ஆவ்ரோ விமானம், பட்டப்பகலில், பார்வை மங்கிய வானிலையில், சின்னமனூர் அருகே மலையில் மோதியது. உள்ளே இருந்த 31 பேரில் 21 பேர் இறந்துபோனார்கள். விமானி உள்ளிட்ட பணியாளர் நால்வரில் ஒருவரும் மிஞ்சவில்லை. பயணிகள் 10 பேர் பிழைத்தார்கள்.

சின்னமனூருக்கும் மதுரை விமான நிலையத்துக்கும் நேர்கோட்டில் 75 கிலோமீட்டருக்கு மேல். இவ்வளவு தொலைவில் நடந்ததைத் தரையிறங்கும்போது நடந்த விபத்து என்று சொல்லலாமா என்று தேனிக்காரர் ஒருவர் கேட்கக்கூடும். சொல்லலாம். இறங்குவது என்பது ஓடுபாதைக்குப் பக்கத்தில் வந்து தொடங்கும் வேலை அல்ல. அதன் முதல் படிகள் மலைகளுக்கு மேலேயே வந்துவிடுகின்றன. சின்னமனூர் இருக்கும் கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும். மேகமலைத் தேயிலைத் தோட்டங்களே சுமார் 5,000 அடி உயரத்தில் இருக்கின்றன. டிசம்பரில் அங்கே மூட்டம் இறங்கினால் எதிரில் வரும் ஜீப்பே தெரியாது.

கண் உதவாதபோது விமானி கருவியை நம்ப வேண்டும். அந்தக் காலத்தில் சிறிய விமான நிலையங்களில் பரவலாக இருந்தது என்.டி.பி. என்னும் எளிய வானொலிக் கலங்கரை விளக்கம். எல்லாத் திசையிலும் ஒரே அலையை வீசும். விமானத்திலுள்ள முள் அது இருக்கும் பக்கம் திரும்பும். அவ்வளவுதான். எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம், நடுவில் மலை இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. போதாக்குறைக்கு, பக்கத்தில் இடி மின்னல் இருந்தால் முள் நிலையத்தை விட்டுவிட்டு மின்னலைக் காட்டும். மலைச்சரிவில் பட்டுத் திரும்பும் அலையும் அதைத் தடுமாற வைக்கும்.

இன்று பெரிய நிலையங்களில் இருக்கும் ஐ.எல்.எஸ். என்னும் தரையிறங்கு வழிகாட்டி மிகவும் நுட்பமானது. ஓடுபாதையிலிருந்து இரண்டு வகைத் துடிப்புகள் கிளம்புகின்றன. ஒன்று விநாடிக்கு 90, மற்றது 150. விமானத்தின் கருவி இரண்டின் வலிமையையும் ஒப்பிடுகிறது. சமமாக இருந்தால் முள் நடுவில் நிற்கும்: சரியான பாதையில் வருகிறீர்கள் என்று பொருள். இடம் வலத்துக்கு ஒரு ஜோடி. சுமார் 3 பாகைச் சரிவில் இறங்குவதற்கு இன்னொரு ஜோடி.

இந்த அமைப்பின் அழகும் ஆபத்தும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. போடி ஏலக்காய்க் கடையில் தொங்கும் பழைய தராசை நினைத்துக்கொள்ளுங்கள். இரு தட்டிலும் சம எடை இருந்தால் முள் நடுவில். இரு தட்டும் காலியாக இருந்தாலும் முள் நடுவில்தான்!

2000 ஜூலையில் சமோவா நாட்டில் இப்படித்தான் ஒன்று நடந்தது. ஃபலேயோலோ விமான நிலையத்தில் மண் தோண்டியபோது கேபிள் ஒன்று அறுபட்டு, ஐ.எல்.எஸ்ஸின் நிலையைக் கண்காணிக்கும் வசதி கோபுரத்துக்கு இல்லாமல் போயிருந்தது. சரிவுப் பாதையைக் காட்டும் கருவியோ கண்காணிப்பு தவிர்க்கப்பட்ட நிலையில், மேலே, கீழே என்று பிரித்துக் காட்டும் தகவலே இல்லாத அலையை அனுப்பிக்கொண்டிருந்தது. இரவில் வந்த ஏர் நியூசிலாந்து 60-ஆம் எண் போயிங் 767-இல் முள் கச்சிதமாக நடுவில் நின்றது. பழுதைச் சொல்லும் எச்சரிக்கைக் கொடி எழவில்லை. தானியங்கி விமானி அந்த முள்ளை நம்பிக் கடலை நோக்கி இறங்கியது. வெளியே தெரிந்த விளக்குகளும், தூரம் காட்டும் டி.எம்.இ. எண்ணும் ஒத்துப்போகவில்லை என்று உறைத்து விமானத்தை மேலே தூக்கியபோது உயரம் 400 அடிக்கும் கீழே. ஓடுபாதை இன்னும் சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி. எல்லோரும் பிழைத்தார்கள்.

இத்துடன் ஒப்பிட்டால், வெளிப்படையாகச் செத்துப்போகும் கருவி நல்ல கருவி. 2018 செப்டம்பரில் டெல்லியிலிருந்து நியூயார்க் போன ஏர் இந்தியா 101-இல் ஐ.எல்.எஸ். உட்படப் பல கருவிகள் கைவிட்டன. எது இல்லை என்பது விமானிகளுக்குத் தெரிந்திருந்தது. அதனால் வேறு வழியைக் கணக்குப் போட்டு, பக்கத்திலுள்ள நுவார்க்கில் பத்திரமாக இறக்கினார்கள்.

அந்தக் கணக்கு ஒன்றும் பெரிய வித்தையல்ல. 3 பாகைச் சரிவில் ஒரு கடல் மைலுக்கு ஏறக்குறைய 300 அடி இறங்க வேண்டும். ஓடுபாதைக்கு 10 மைல் இருந்தால், தரையிலிருந்து 3,000 அடி. முள் என்ன சொன்னாலும் தூரத்தையும் உயரத்தையும் இப்படி ஒட்டிப் பார்த்தால் பொய் வெளிப்பட்டுவிடும். ஆனால் சின்னமனூர் போன்ற இடத்துக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது. ஐ.எல்.எஸ். சரிவுக் கதிருக்கு உறுதியளிக்கப்படும் வீச்சே வழக்கமாக 10 கடல் மைல்தான். மலைக்கு மேலே காப்பது, வரைபடத்தில் அச்சிட்ட குறைந்தபட்சப் பாதுகாப்பு உயரம்தான்.

மலையை முன்கூட்டியே காட்டும் கருவி 1990-களில்தான் வந்தது. டான் பேட்மேன் என்ற பொறியாளரின் குழு, உலக நிலப்பரப்பைக் கணினியில் ஏற்றி, ஜி.பி.எஸ். இடத்தோடு பொருத்தியது. சோவியத் ஒன்றியம் கலைந்தபின் விலைக்குக் கிடைத்த ராணுவ வரைபடங்களும் அதில் சேர்ந்தன. அதற்கு முந்தைய கருவி நேர் கீழே மட்டும் பார்த்தது. செங்குத்தாக எழும் மலைக்கு அது போதாது.

இப்போது ஜி.பி.எஸ்ஸையே ஏமாற்றுகிறார்கள். 2025 நவம்பரில் டெல்லியின் 10-ஆம் எண் ஓடுபாதைக்கு ஜி.பி.எஸ். வழியில் வந்த சில விமானங்களுக்குப் போலி சமிக்ஞைகள் கிடைத்தன. தரையிலுள்ள பழைய வழிகாட்டிகளை வைத்து மற்ற ஓடுபாதைகளில் இறங்கியவர்களுக்குப் பாதிப்பில்லை.